பலாமரப் பெட்டியில் ஒரு மூச்சு

சென்றாயன் மலையிறங்கிப் போன பிறகு வந்த முதல் அமாவாசைக்கு மறுநாள் காலையில், அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் வயரைச் சுற்றி வைத்திருந்த அவனுடைய ஆவிப்பெட்டி மூச்சுவிடத் தொடங்கியது. பவுன்தாய் அப்போது கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். எலி ஏதோ உள்ளே புகுந்துகொண்டது போல என்று கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தாள், எலியாக இருந்தால் ஓடியிருக்கும், இது ஓடவில்லை, இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. காதை வைத்துக் கேட்டாள். இழுக்கும்போது ஒரு கீச்சு, விடும்போது நீளமாகப் போய் முடிவில் கொஞ்சம் தயங்கி நிற்கிற அந்த மூச்சைக் கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்டவளுக்கு அடையாளம் தெரியாமல் போக வழியில்லை. "இங்கதான் இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு, கஞ்சி பொங்கப் போகிறதென்று அடுப்பைத் தணிக்கத் திரும்பினாள்.

அந்தப் பெட்டி பலாமரத்தில் செய்தது. இழுப்பு நோய்க்காரனான சென்றாயன் கல்யாணமான புதிதில் குமுளிப் பக்கம் ஓர் ஆசாரியிடம் சொல்லிச் செய்து, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு மண் கிண்ணம், கிண்ணத்தில் சூடாகிற சுருள்கம்பி, அதற்கு மேலே சல்லடை மாதிரி மெல்லிய கம்பிவலை. வலையின்மேல் காய்ந்த ஆடாதோடையும் துளசியும் தைல இலையும் நொறுக்கிப் போட்டு மூடி, கரண்ட் கொடுத்தால், மூடியிலிருந்து நீளுகிற கண்ணாடிக் குழல் வழியாகப் புகையில்லாமல் வெறும் ஆவியாக மருந்து வரும். இலை கருகக் கூடாது, வியர்க்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் அதற்குச் சீராட்டு அதிகம். இலையை மாவாக நொறுக்கினால் வலை அடைத்துக்கொள்ளும், அடைத்த வலையை ஆறவிட்டுப் பழைய பல்பிரஷால் தேய்த்து ஸ்பிரிட்டில் ஊறப்போட வேண்டும், குழலுக்குள் தேன் நிறத்தில் படிகிற பிசினுக்கு வெந்நீர் ஊற்றித் துணித்திரி விட்டு இழுக்க வேண்டும். மரத்தில் தண்ணீர் படவே கூடாது, காய்ந்த துணியால் துடைத்துத் தேங்காயெண்ணெயில் தேன்மெழுகை உருக்கித் தடவ வேண்டும், தடவாவிட்டால் வெயிலில் வெடிக்கும், மழையில் ஊறி மூடி திறக்காது. சூடு வரவில்லையென்றால் சுருள்கம்பியைக் குறை சொல்வதற்கு முன்னால் வயர் முறுக்குத் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் செய்தது பவுன்தாய்தான். சென்றாயனுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும்.

அவன் போனது சண்டை போட்டுக்கொண்டு. மூங்கில்கோம்பை, மேகம் வந்து படுத்துக்கொள்கிற ஊர். ஐப்பசியில் காப்பிச் செடிகளுக்குள் நுழைகிற மஞ்சு தை பிறந்தால்தான் எழுந்து போகும், அதுவரைக்கும் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, சென்றாயனுக்கு மூச்சு ஏறாது. ஊர் நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் அவன் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "மருந்தெல்லாம் பேருக்குத்தான். காஞ்ச ஊரு எதுக்காவது போயிருங்க. இந்த மஞ்சுதான் உங்களத் தின்னுது" என்று சொன்னாள். போய்விடலாம் என்றான் சென்றாயன். மாட்டேன் என்றாள் பவுன்தாய். அவர்களுடைய காப்பிக்காட்டின் ஓரத்தில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே அவர்கள் மகள் பிருந்தா இருந்தாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருஷத்து மழையில் காய்ச்சல் கண்டு போனவள். சாயங்காலமானால் பவுன்தாய் அங்கே போய், விழுந்த சருகைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, இருட்டுகிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்து வருவாள். சென்றாயன் அடக்கம் பண்ணின நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை.

"அவளத் தனியா விட்டுட்டு நான் எப்பிடி வர்றது?" என்றாள்.

"போயிட்டவளுக்குக் காவல் இருக்கியே பவுனு, உசுரோட பக்கத்துல கெடக்கிறவன் மூச்சு உனக்குக் கேக்கவே இல்லையா?"

"கேக்கலை."

கோபத்தில் சொன்னதுதான். அவன் ஒரு பையில் ரெண்டு வேட்டியை வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டான். பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தா வந்துவிடுவான், இந்தா வந்துவிடுவான் என்று அவள் இருக்க, போனும் இல்லை, ஆள்மூலம் ஒரு சொல்லும் இல்லை, போலீசில் காணவில்லையென்று மனுக் கொடுத்தாகிவிட்டது, அதற்குப் பிறகுதான் பெட்டி மூச்சுவிட்டது.

முதலில் வந்து கேட்டவன் அவளுடைய கொழுந்தன் வீரணன், ஊருக்குள் ஜீப் ஓட்டுகிறவன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணன்தான் மதினி. மூக்க உறிஞ்சுறதப் பாருங்க" என்று சொல்லி, பெட்டிக்கு முன்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மரியாதையாக நின்றான். அடுத்தது எஸ்தர் சிஸ்டர். ஸ்டெதஸ்கோப்பைப் பலாமரத்தின்மேல் நாலு இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, "வலது பக்கம் சளி கட்டியிருக்கு, எப்பவும் வலதுதான் இவருக்கு" என்று முணுமுணுத்து, மாத்திரையை எடுத்து, யார் கையில் கொடுப்பதென்று தெரியாமல் பெட்டியின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனாள். மனுவை விசாரிக்க ஏறிவந்த ஏட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் கேட்டார், பிறகு ஆள் உயிரோடு இருப்பது நேரில் கேட்டு உறுதியானது என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டு இறங்கிப் போனார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சருக்குத்தான் கொஞ்சம் குழப்பம், ஆள் ஓரிடத்திலும் மூச்சு ஓரிடத்திலும் இருந்தால் எந்த ஊரில் ஓட்டு என்று கேட்டாள். மூச்சு இருக்கிற ஊர்தானே ஊர் என்று ஊர்ப் பெண்கள் சொல்ல, பெயரை அடிக்காமல் விட்டுவிட்டாள்.

கொஞ்ச நாளைக்கு மலையில் இருக்கிற மற்ற ஊர்க்காரர்களும் வந்தார்கள், பிறகு அதுவும் நின்று, வீட்டில் ஓடுகிற கடிகாரம் மாதிரி ஊருக்குள் அந்த மூச்சு பழகிப்போனது. காப்பிப் பழம் எடுக்கப் போகிற பெண்கள் ஜன்னல் பக்கம் நின்று, "என்ன சென்றாயண்ணே, எந்திரிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கோயில் கொடையில் மைக்செட் குழாயைப் பவுன்தாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டினார்கள். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் புருஷனை அனுப்பிவிட்டிருந்த பெண்கள் ரகசியமாக அவரவர் வீட்டில் அவரவர் ஆளின் குடையிலும் செருப்பிலும் சவரப் பெட்டியிலும் காதை வைத்துப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், அந்த வாரம் போனில் பேசும்போது காரணம் சொல்லாமல் எரிந்து விழுந்தார்கள்.

மூச்சைக் கேட்டே அவன் பிழைப்பைக் கண்டுபிடிக்க ஊர் பார்த்தது. விடிந்ததும் நெடுநேரம் மெதுவாக நடக்கிற மூச்சு, நடு நடுவே ஒரு நீண்ட விசில், உச்சிவெயில் நேரத்தில் ஆழ்ந்த தூக்கம், அப்புறம் மறுபடி நடை. கண்டக்டர் வேலை என்றார் ஒருத்தர், கண்டக்டர் மத்தியானம் தூங்கினால் பஸ் என்னாவது என்றார் இன்னொருத்தர், கிடை மாடு மேய்க்கிறான் என்று வீரணன் சொன்னான். பவுன்தாய் அவன் தூங்குகிற நேரத்தில் தானும் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கப் பழகினாள். உச்சிவேளையில் தூங்குகிற பெண்பிள்ளையை ஊரில் யாரும் எழுப்பவில்லை, ரேஷன் கடைக்காரர்கூட அவளுக்கு அரிசியைக் கடை சாத்துகிற நேரத்துக்கு நிறுத்துவைத்தார்.

ஒருநாள் மூச்சு கீச்சு கீச்சென்று இழுத்தது. கை பழக்கத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தாள், எத்தனையோ மாதமாக இலையே போடாத வலையில் பிசுக்கு ஏறியிருந்தது. கழற்றித் தேய்த்து, ஸ்பிரிட்டில் அலசி, குழலுக்குத் திரி விட்டு இழுத்து, திரும்ப மாட்டினாள். மாட்டியதும் மூச்சு தெளிந்து, உள்ளே ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அன்றிலிருந்து அவள் தினமும் பெட்டியைப் பார்த்துக்கொண்டாள். எங்கேயோ முகம் தெரியாத ஊரில், யாருடைய நிலத்திலோ, அவன் நெஞ்சு லேசாகி நிமிர்ந்து நிற்கிறான் என்பதை நினைத்துக்கொண்டே மரத்துக்கு மெழுகு தடவினாள். தடவும்போது அது முதுகு மாதிரி இருந்தது. முதல் நாள் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகு பெட்டியிடம் அவள் பேசியதில்லை, பேசினால் அங்கே கேட்காது என்று தெரியும். அவன் மூச்சு மட்டும் இங்கே வந்தது, இவள் குரல் அங்கே போகிற வழி எதையும் ஆசாரி வைத்திருக்கவில்லை.

சித்திரையில் வலையில் பிசுக்கு குறைந்தது. வைகாசியில் கீச்சே இல்லை. ஆனியில் ஒருநாள் அவன் ஓடினான், கல்யாணமான நாளிலிருந்து ஓடிப் பார்த்திராத மனுஷன், எதையோ விரட்டிக்கொண்டு மூச்சு முட்டாமல் ஓடி, நின்று, சிரித்தான். ஊர்ப் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். பவுன்தாய் அன்றைக்கு வலையைத் தேய்க்க எடுத்து, தேய்க்க ஒன்றும் இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுவதும் அவனுக்கு இழுப்பு வர வேண்டும் என்று ஆசைப்படுவதும் ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. சாயங்காலம் பிருந்தாவிடம் போய் உட்கார்ந்தாள், அங்கே உட்கார்ந்தாலும் வீட்டில் இருக்கிற பெட்டியின் நினைப்பு, வீட்டுக்கு வந்தால் காட்டோரத்தின் நினைப்பு, இப்படி அந்த வருஷம் போனது.

ஐப்பசி வந்தது, மஞ்சு வந்தது. பாதி மலையில் பாத்துமுத்து கடை வளைவுக்கு மேலே இடத்துக்கு இடம் மண்ணும் பாறையும் சரிந்து ரோட்டை மூட, பஸ் அந்தக் கடையோடு திரும்பிப் போனது, வீரணன் ஜீப்பும் ஊரோடு நின்றது. அந்த நாட்களில் ஒரு காலையில் பெட்டியின் மூச்சு வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே விழித்து, நின்று நின்று போகிற ஒரு மூச்சாக மாறியது. கொஞ்சம் போகும், நிற்கும், இழுக்கும், போகும். ஜன்னலில் நின்று கேட்ட வீரணன் உள்ளே வந்து இன்னும் பக்கத்தில் கேட்டான்.

"மதினி, இது ஏத்தத்துல கால் வைக்கிற மூச்சு. அண்ணன் மலை ஏறுது."

செய்தி பரவ, பெண்கள் பழம் எடுக்கப் போகாமல் வாசலில் கூடினார்கள். மூச்சு நின்று, மடக் மடக்கென்று தண்ணீர் குடித்த சத்தம் கேட்டதும், புளியமரத்து ஊற்றுக்கு வந்தாச்சு என்றார்கள். இரைச்சலுக்குள் மூச்சு அமுங்கிக் கேட்டதும், குரங்குப் பாலத்து ஓடை என்றார்கள். யாரோ ஒருத்தி உலையில் கூடுதலாக அரிசி போட ஓடினாள். பவுன்தாயும் முகம் கழுவி, தலை வாரி, நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டுதான் நின்றாள். ஆனால் கூடியிருந்தவர்கள் வருகிறான் வருகிறான் என்பதைக் கேட்க, அவள் அந்த மூச்சைக் கேட்டாள். ஒவ்வொரு வளைவுக்கும் கீச்சு கூடியது. ஒவ்வொரு நிறுத்தமும் முந்தையதைவிட நீண்டது. உலர்ந்த ஊரில் ஒரு வருஷமாகத் தேறிய நெஞ்சு, மஞ்சுக்குள் நுழைந்து படிப்படியாகப் பழையபடி ஆகிக்கொண்டிருந்தது. பெட்டியைத் துணியில் சுற்றித் தோளில் கட்டி, பிரஷையும் ஸ்பிரிட் பாட்டிலையும் இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் ரோட்டில் இறங்கினாள்.

காத்துப்பாறை வளைவில் நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மழை சாய்ந்து அடித்தது. அங்கே வைத்து மூச்சு இழுத்தது, விடவில்லை. பவுன்தாய் நின்றாள். விடும் என்று காத்திருந்தாள். விடவில்லை. ரோட்டோரத் தடுப்புக்கல்லில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள், ஈரம் பட்டு மரம் ஊறி மூடி இறுகிக்கிடந்தது, நகம் பிய்ந்ததே தவிர அசையவில்லை. அடித்துத் திறந்தால் மண் கிண்ணம் உடைந்துவிடும் என்று தெரியும். சேலையை விலக்கிப் பெட்டியை வெறும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, பிள்ளையை மழைக்கு மறைக்கிறமாதிரி மறைத்துக்கொண்டு, உடம்புச் சூட்டை மரத்துக்குக் கொடுத்தாள். மரம் சூடு வாங்கியது. மூடி முனகிக்கொண்டு கழன்றது. வலைமேல் கறுப்பாக அடை ஏறியிருந்தது, தேய்த்து, ஸ்பிரிட்டை ஊற்றி உதறி மாட்டினாள், அப்படியும் மூச்சு வரவில்லை. குழலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள், நடுவில் பிசின் கட்டி நின்றது. வெந்நீருக்கு எங்கே போவது. குழலை வாயில் வைத்து, தன் மூச்சு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் கொண்டு உறிஞ்சினாள். கசப்பு நாக்கில் வந்து விழுந்தது. துப்பிவிட்டுக் குழலைச் செருகியதும், பெட்டி நீளமாக, முடிவில் கொஞ்சம் தயங்கி நிற்கிற அந்த மூச்சை விட்டது. அவளும் அப்போதுதான் விட்டாள்.

குரங்குப் பாலத்துச் சுவரில் அவன் உட்கார்ந்திருந்தான். கறுத்திருந்தான், தோள் கொஞ்சம் அகன்றிருந்தது, உதடு மட்டும் நீலமாக இருந்தது.

"என்னங்க."

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்த ஈரத்துல நீ ஏன் வந்தே?" என்றான்.

"பெட்டி அடைச்சுக்கிருச்சு. அதான் வந்தேன்."

அவன் பெட்டியைப் பார்த்தான், தன் நெஞ்சிலிருந்து வருகிற மூச்சே அதிலிருந்தும் வருவதைக் கொஞ்ச நேரம் கேட்டான், ஆச்சரியப்படுவதற்கு அவனிடம் தெம்பில்லை. "இப்ப ஒரு பிடி பிடிச்சுருச்சு பவுனு. முடிஞ்சுபோச்சுன்னுதான் நெனச்சேன். அப்புறம் யாரோ நெஞ்சுக்குள்ள இருந்து எதையோ உறிஞ்சி எடுத்த மாதிரி இருந்துச்சு."

"கசந்துச்சு" என்றாள் அவள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க இருந்தீங்க இம்புட்டு நாளும்?"

"ஆண்டிபட்டிக்குத் தெக்க. கம்பங்காட்டுல குருவி வெரட்டுறேன். கம்பு முடிஞ்சா சூரியகாந்தி."

"அதான் அந்த விசிலு."

"விசிலு உனக்கெப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஓடை இரைந்தது. அவனைத் திட்ட வேண்டும் என்று ஒரு வருஷமாக அவள் அடுக்கி வைத்திருந்த வார்த்தை எதுவும் வாய்க்கு வரவில்லை. "வீட்டுக்கு வரணும்னு இப்பவாவது தோணுச்சே" என்று மட்டும் சொன்னாள்.

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான். "உங்கிட்ட பொய் சொல்லக் கூடாது பவுனு. நான் உன்னப் பாக்க வரலை. அவளப் பாக்க வந்தேன். இன்னிக்குத்தான் அவ போன நாளுன்னு உனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சியா?"

பவுன்தாய்க்கு அது நெஞ்சில் குத்திற்று, குத்திய இடத்திலேயே ஏதோ இளகவும் செய்தது. "இங்க இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் வரலையே நீங்க."

"வந்தா அழுக வரும். அழுதா இழுப்பு வரும். இழுப்பு வந்தா நீ அவள விட்டுட்டு என்னியப் பாக்க ஓடி வந்துருவே. நாள் முச்சூடும் எனக்குத்தான் பாக்குறே, அந்தச் சாயங்காலமாவது அவளுக்கு முழுசா இருக்கட்டும்னு விட்டேன்."

அவள் முந்தானையால் பெட்டியின் மேலிருந்த ஈரத்தை ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் போன பிறகும் ஒற்றினாள்.

மஞ்சுக்குள்ளிருந்து ஆள் சத்தம் வந்தது. பெட்டி போன பிறகு ஊர் திடீரென்று அமைதியாகிவிட, அந்த அமைதியில் நிற்க முடியாமல் வீரணனும் இன்னும் சில பேரும் நாற்காலியை மூங்கிலில் கட்டி டோலியாக்கித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், கூடவே குடையும் மருந்துப் பையுமாக எஸ்தர் சிஸ்டர். மூங்கில்கோம்பையில் டோலி என்றால் அது சீக்காளியைக் கீழே கொண்டுபோகிறதுக்குத்தான். வீரணன் அண்ணனைத் தூக்கி உட்காரவைத்து, துண்டால் கட்டினான்.

"பாத்துமுத்து கடைக்குப் போயிட்டா பஸ் நிக்கும். கெளப்புங்க" என்றாள் எஸ்தர் சிஸ்டர்.

"மேல" என்றாள் பவுன்தாய்.

"மேலயா? மஞ்சு இப்பிடிக் கெடக்கு, அவரு மூச்சுத் தாங்காது."

"மூச்ச நான் பாத்துக்கிறேன். நீங்க ஆளத் தூக்குங்க."

தூக்கினார்கள். டோலி முன்னால் போக, பக்கத்திலேயே அவள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், பெட்டியில் கீச்சு கூடினால் நிறுத்தச் சொல்லி, ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலையைக் கழற்றித் தேய்த்து, மாட்டி, எழுந்து, போகலாம் என்பாள். எஸ்தர் சிஸ்டர் குடையை நோயாளிக்குப் பிடிக்கவில்லை, பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு வந்தாள். காத்துப்பாறையில் தோள் மாற்றினார்கள், சரிந்துகிடந்த மண்ணின்மேல் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு டோலியைக் கடத்தினார்கள். ஊருக்குள் நுழைந்தபோது வாசல்தோறும் ஆட்கள் நின்றார்கள், பிள்ளைகளைக்கூட வாயைப் பொத்தி வைத்திருந்தார்கள், மூச்சு கேட்க வேண்டும் என்பதற்காக. அந்த அமைதிக்குள் மூச்சு ஒன்று நாற்காலியிலிருந்தும் இன்னொன்று பெட்டியிலிருந்தும் ஒரே மாதிரி இழுத்துக்கொண்டு போக, காப்பிக்காட்டுப் பாதையில் திரும்பினார்கள்.

சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே நாற்காலியை இறக்கிவிட்டு, வீரணனும் மற்றவர்களும் செடிகளுக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சென்றாயன் துண்டை அவிழ்த்து மெதுவாக மண்ணில் இறங்கினான். சருகில்லாமல் துப்புரவாக இருந்த அந்தச் சின்ன இடத்தைப் பார்த்தான். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, "பிருந்தா" என்றான். அந்தப் பேரை அவன் வாயிலிருந்து பவுன்தாய் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ரெண்டாவது தடவை சொல்ல அவனால் முடியவில்லை, அழுகை வந்துவிட்டது, அழுகையின் பின்னாலேயே இழுப்பும் வந்தது, அவன் வாயைத் துண்டால் பொத்தி அழுகையை உள்ளே தள்ளப் பார்த்தான்.

பவுன்தாய் அவனுக்கு எதிரே உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"அழுங்க" என்றாள். "நான் தொடச்சுக்கிட்டே இருக்கேன்."

அவன் அழுதான். அடங்கிக்கிடந்ததெல்லாம் வெளியே வர வர வலையில் அடை ஏறிக்கொண்டே இருந்தது, அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஸ்பிரிட் தீர்ந்த பிறகு முந்தானையைக் கொண்டு தேய்த்தாள், அவள் கண்ணிலும் நீர் வழிந்தது, துடைக்கக் கை ஓயவில்லை. மூச்சு நிற்பதும் வருவதுமாக ரொம்ப நேரம் போனது. கடைசியில் அழுகை தானாகத் தேய்ந்தது. அவன் பிள்ளையின் மண்ணைத் தட்டி, போர்வையைச் சரிசெய்கிறமாதிரி ஓரத்தைச் சரிசெய்தான். அவன் உதடு மறுபடி நீலமாகியிருந்ததைப் பவுன்தாய் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள், தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து தான் பள்ளமாக்கி வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"போதும். இறங்குவோம்" என்றாள்.

செடிகளுக்கு அந்தப் பக்கம் நின்ற வீரணன் திரும்பிப் பார்த்தான். எஸ்தர் சிஸ்டரும் அவளைப் பார்த்தாள். இறங்குங்கள் என்று அவள் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் விளங்கியது, வீரணன் அண்ணனைத் திரும்பத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். வெளிச்சம் இருக்கும்போதே டோலி பாத்துமுத்து கடைக்கு வந்துவிட்டது. பவுன்தாய் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான், அடிவாரம் தாண்டி மஞ்சு முடிந்து சுக்கான் கல்லும் வேலிக்கருவேலமுமாகத் தொடங்கிய இடத்தில் மடியிலிருந்த பெட்டி மெல்ல மெல்ல மூச்சை நிறுத்திக்கொண்டது. அவள் பயப்படவில்லை. பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மூங்கில்கோம்பைக்கு அந்த அமைதி பழக நாளானது. பெண்கள் ஜன்னல் பக்கம் வந்து வாய் திறந்துவிட்டு, யாரும் இல்லையென்று நினைவுவந்து நடந்தார்கள். யாரும் யாரையும் ஏவாமலே, சாயங்காலம் காப்பிக்காட்டு வழியாக வீடு திரும்புகிறவர்களில் யாராவது ஒருத்தி சில்வர் ஓக் மரத்தடியில் குனிந்து சருகைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போனாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பவுன்தாய் ஏறிவந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். மஞ்சு இல்லாத மாதங்களில் சென்றாயனும் வந்தான்.

ஆண்டிபட்டிப் பக்கத்தில் அவர்கள் இருந்த ஓட்டு வீட்டில், பலாமரப் பெட்டி மற்றப் பெட்டிகள் மாதிரி ஒரு பெட்டியாக இருந்தது. கரண்ட் கொடுத்தால் சூடாகும், எடுத்தால் ஆறும். அந்த ஊர் வறட்சியில் மரம் வெடிக்கப் பார்த்ததால் மெழுகு மட்டும் அடிக்கடி தடவ வேண்டியிருந்தது. பவுன்தாய்க்கு முதலில் அங்கே தூக்கம் வரவில்லை. துணி போட்ட உடனே காய்ந்துவிடுகிறது என்று குறைபட்டுக்கொண்டாள். வேலைக்கு நடுவே கையை நிறுத்திவிட்டு, வீட்டின் மேற்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், தூரத்தில் நீலக் கோடாகத் தெரிகிற மலையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி வேலையில் உட்காருவாள். சென்றாயன் அதைப் பார்த்தும் பாராதமாதிரி இருந்தான். ஒருநாள் அவள் கடைக்குப் போய் வருவதற்குள், கிணற்றடியில் கிழக்கே பார்த்துக் கிடந்த துவைகல்லைக் கடப்பாரை போட்டு நெம்பி, தன்னந்தனியாக உருட்டிக்கொண்டுபோய், மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், மலை முழுதாகத் தெரிகிற இடத்தில் போட்டிருந்தான். தண்ணீரைத்தான் இனி அங்கே சுமந்துகொண்டு போக வேண்டும். அவள் கேட்டதற்கு, நிழலுக்காக நகர்த்தினேன் என்றான், அங்கே நிழலே இல்லை. மூச்சு வாங்காமல்தான் சொன்னான். பவுன்தாய் வாளியைக் கொண்டுபோய் வைத்து, முதல் வேட்டியை நனைத்துக் கல்லில் போட்டாள்.